சொந்த ஊர் எது?

மூன்றாவது டோஸ் ஏற்றிய அன்றுதான் மாப்பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டான். மாப்பிள்ளை என்றால் அக்கா மகன். மதுரைப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். 22 வயது. பொறியியல் முடித்து வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவன். நர்ஸ் ஒரு சின்னக் குப்பிக்குள் தண்ணீரை ஏற்றி, குலுக்காமல் மெல்லச் சுழற்றி, மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். குலுக்கினால் நுரைத்துப் போகும். உள்ளே இருக்கிற வெள்ளைத் தூள் கரைய 20 நிமிடம் வரை ஆகும். அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்:

“மாமா, இது குடலை மட்டும்தான் பிடிக்கும்னு டாக்டர் சொல்றாரு. ஆனா கையிலதான ஊசி குத்துறாங்க? ரத்தத்துல கலந்து ஒடம்பு பூரா சுத்தத்தான செய்யும்? அதுக்கு எது குடல்னு எப்படித் தெரியும்?”

“அதுக்குன்னு ஒரு அடையாளம் இருக்குடா.”

“அதான், என்ன அடையாளம்?”

டிரிப்ஸ் ஏறிய அரை மணி நேரமும் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் திருப்தியில்லை. வெட்கக்கேடு என்னவென்றால், கிட்டத்தட்ட இதே கேள்விக்குப் பதில் சொல்லித்தான் 18 வருடமாக நான் சம்பளம் வாங்குகிறேன். அன்று சொல்ல வராததை உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன்.

நான் திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். அதிலும் ஐஎச்சி மேசை, அதாவது ஆன்டிபாடியால் சாயமேற்றும் பிரிவு. ஆன்டிபாடி என்றால் தனக்குரிய ஒரு பொருளை மட்டும் தேடிப் பிடிக்கும் புரதம். சதைத் துண்டின்மேல் ஆன்டிபாடியை ஊற்றி, எந்த இடத்தில் அது ஒட்டியது என்பதைப் பழுப்பு நிறமாகக் காட்டுவது என் வேலை. முடிவை எழுதுவது டாக்டர். ஆனால் அவர் பார்க்கிற ஸ்லைடு என் கையில் கெட்டால் அவர் எழுதுவதும் கெடும்.

மெழுகில் பதித்த சதையை 3 மைக்ரான் கனத்துக்குச் சீவ வேண்டும். வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் சுருக்கம் விட்டு விரியும். அப்போது ஸ்லைடை அடியில் கொடுத்து ஏந்திக்கொள்ள வேண்டும். அப்புறம் குக்கர். ஆமாம், பிரஷர் குக்கர்தான். ஃபார்மலினில் ஊறிய சதையில் புரதங்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கும். ஆன்டிபாடி வந்தாலும் பிடிக்க இடம் கிடைக்காது. சூடுபடுத்தினால் அந்த முடிச்சு விடும் என்று ஷான்-ரோங் ஷீ என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1991-ல் எழுதினார்கள். அவர்கள் வைத்தது மைக்ரோவேவ் அடுப்பில். எங்கள் லேபில் குக்கர். பஃபரை ஊற்றி, ஸ்லைடுகளை அடுக்கி, மூடி, விசிலை எண்ண வேண்டும். ஒரு விசில் கூடினால் சதை ஸ்லைடை விட்டுக் கழன்று மிதக்கும். ஒன்று குறைந்தால் நிறம் ஏறாது. வீட்டில் குக்கர் விசில் அடித்தால் இன்றைக்கும் என் மனைவிக்கு முன்னால் எனக்குத்தான் எண்ணிக்கை ஓடும்.

சரி, இதையெல்லாம் எதற்குச் செய்கிறோம்?

ஒருவருக்குக் கல்லீரலில் கட்டி. ஊசி விட்டு நூல் கனத்தில் சதை எடுத்து அனுப்புகிறார்கள். புற்று என்பது சாதாரண ஸ்லைடிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் அது கல்லீரலிலேயே பிறந்ததா, பெருங்குடலிலிருந்து வந்ததா, நுரையீரலா, மார்பகமா, கணையமா? அதைப் பொறுத்துத்தான் மருந்து. நம்மூரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயரைக் கேட்ட கையோடு “சொந்த ஊர் எது?” என்று கேட்போம் இல்லையா, அதே கேள்விதான். சென்னையில் முப்பது வருடம் குடியிருந்தவர்கூட கோபம் வந்தால் “ஏலே” என்பார். திருநெல்வேலி வெளியே வந்துவிடும். செல்லும் அப்படித்தான். புற்றாகி, ரத்தத்தில் ஏறி, கல்லீரலில் போய்க் குடியேறினாலும் பிறந்த ஊர்ப் பேச்சு பெரும்பாலும் போவதில்லை.

குடலின் பேச்சைக் கண்டுபிடிக்க எங்களிடம் சில ஆன்டிபாடிகள் உண்டு. சிகே-20 என்பது செல்லின் உடம்பில் ஓடும் நார்ப் புரதத்தைப் பிடிக்கும். சிகே-7 அதன் பங்காளி. பெருங்குடலில் பெரும்பாலும் இருக்காது, நுரையீரலிலும் மார்பகத்திலும் இருக்கும். சிடிஎக்ஸ்-2 செல்லின் கருவுக்குள் இருப்பதைப் பிடிக்கும். இந்தப் புரதத்துக்குப் பழ ஈயில் ஒரு சொந்தக்காரன் உண்டு. ஈயின் பின்பக்கத்தை அமைக்கிறவன். நம் உடம்பில் இது குடல் செல்லைக் குடல் செல்லாகவே வைத்திருக்கிறது. சிகே-20 உண்டு, சிகே-7 இல்லை, சிடிஎக்ஸ்-2 உண்டு என்று வந்தால் டாக்டர் பெருங்குடலைத் தேடச் சொல்வார். ஒரு சாட்சியை மட்டும் நம்ப மாட்டோம். கணையத்திலும் இரைப்பையிலும் சூலகத்திலும் வரும் சில கட்டிகள்கூட சிடிஎக்ஸ்-2 காட்டும். அதெல்லாம் பக்கத்து ஊர்க்காரர்கள் மாதிரி, பேச்சு கொஞ்சம் ஒத்துப்போகும்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதபோது இதில் நன்றாக மாட்டிக்கொண்டேன். கல்லீரல் பயாப்ஸி ஒன்றுக்கு சிகே-20 ஓட்டினேன். ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அழகான பழுப்பு. பெருமையோடு கொண்டுபோய் வைத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: “தம்பி, கட்டி பழுப்பா இருக்கு, சரி. பக்கத்துல நல்ல கல்லீரல் செல்லும் பழுப்பா இருக்கே? இவருக்குக் கல்லீரலே குடல்ல செஞ்சதா?”

ஆன்டிபாடியே ஊற்றாமல் வெறும் சாயத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். அதுவும் பழுப்பு. காரணம் பயோட்டின் என்ற வைட்டமின். கல்லீரல் அதைக் குவித்து வைத்திருக்கும் கிடங்கு. அந்தக் காலத்துக் கிட்டில் சாயத்தைக் கொண்டுவந்து மாட்டும் கொக்கியும் பயோட்டினைத்தான் தேடும். கல்லீரலில் இருக்கும் இயற்கைப் பயோட்டினைப் பார்த்ததும், ஆன்டிபாடி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் அங்கேயே போய் மாட்டிக்கொண்டுவிட்டது. போதாததற்குக் குக்கரில் வைத்து அவித்தால் அது இன்னும் நன்றாக வெளியே தெரியும்.

மேசையில் இருந்த மூத்தவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், “முட்டை வாங்கிட்டு வாடா” என்றார். திட்டுகிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே முட்டைதான். பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் அவிடின் என்று ஒரு புரதம். பயோட்டினைக் கண்டால் விடாது. வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கலக்கி ஸ்லைடின்மேல் ஊற்றினால், கல்லீரலின் பயோட்டினையெல்லாம் அது மூடிவிடும். அடுத்து ஆடை நீக்கிய பால் பவுடர் கரைசல். பாலில் இருக்கும் பயோட்டின், மிச்சம் கிடக்கும் அவிடினின் வாயை அடைத்துவிடும். அதன் பிறகு வழக்கம்போல் ஆன்டிபாடி. திரும்ப ஓட்டியபோது ஆன்டிபாடி ஒட்டாத கல்லீரல் நீலமாக இருந்தது, நடுவில் கட்டி மட்டும் பழுப்புத் தீவாக நின்றது. குக்கர், முட்டை, பால் பவுடர். அன்று மத்தியானம் எங்கள் லேபைப் பார்த்த யாரும் பரிசோதனைக் கூடம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது வரும் பாலிமர் கிட்டுகளில் பயோட்டின் கிடையாது, இந்தத் தொல்லையும் இல்லை.

அன்றிலிருந்து கண்ட்ரோல், அதாவது எது பழுப்பாக வேண்டும் என்று முன்பே தெரிந்த துண்டு, இல்லாமல் ஒரு ஸ்லைடும் ஓட்டியதில்லை. குடல் ஆன்டிபாடிகளுக்கு எங்கள் கண்ட்ரோல் குடல்வால். வயிற்றுவலி என்று வந்த யாரோ ஒருவருக்கு அறுத்து எடுத்த துண்டு, வருடக்கணக்கில் எங்களுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். அதைக் குறுக்கே சீவிப் பார்த்தால் உள்தோலில் வட்ட வட்டமாகக் கிணறுகள். சிடிஎக்ஸ்-2 ஓட்டினால் ஒவ்வொரு கிணற்றின் சுவரிலும் பழுப்புப் புள்ளிகள் மணி கோத்ததுபோல் வரும். வெளியே தசைச் சுவர் முழுக்க நீலம். ஒரு பொட்டுப் பழுப்பு இருக்காது.

குடல்வாலில் நோய் இல்லாத இடமும் பழுப்புதான். இதை எத்தனையோ ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன், ஆனால் மாப்பிள்ளை கேட்ட பிறகுதான் யோசித்தேன். என் ஆன்டிபாடிகளுக்குப் புற்று எது என்று தெரியாது. அவற்றுக்கு ஊர் மட்டும்தான் தெரியும். நோயறிய அது போதும். கல்லீரலில் குடல்காரனுக்கு வேலையில்லை, அங்கே அவனைப் பார்த்தால் வந்தேறி என்று எழுதிவிடலாம். ஆனால் அதே ஆன்டிபாடியை மருந்தாக்கி உடம்புக்குள் விட்டால்? கல்லீரலில் இருக்கும் கட்டியையும் பிடிக்கும், வயிற்றுக்குள் ஒழுங்காக இருக்கும் குடலையும் பிடிக்கும். ஸ்லைடில் இருக்கும் குடல்வாலுக்கு வலிக்காது. மனிதருக்கு வலிக்கும்.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டிய கதை பழையது. 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் இருவரும் எலியின் ஆன்டிபாடி செல்லையும் சாகாமல் பெருகும் புற்று செல்லையும் ஒட்ட வைத்தார்கள். ஒரே மாதிரி ஆன்டிபாடியை நிற்காமல் சுரக்கும் செல் கிடைத்தது. 1984-ல் நோபல் பரிசு. என் ஃபிரிட்ஜில் இருக்கும் சின்னக் குப்பிகளில் பாதிக்கும் மேல் அந்த வழியில் வந்தவைதான். எலிக்கு ஒரு செல்லை ஊசியாகப் போட்டு, அது கோபப்பட்டுச் செய்யும் ஆன்டிபாடிகளில் நமக்கு வேண்டியதைப் பொறுக்குவது. என்ன கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏ33 என்று ஓர் ஆன்டிபாடி. எலிக்குப் போட்டது கணையப் புற்று செல், ஆனால் கிடைத்த ஆன்டிபாடி நிறம் ஏற்றியது பெருங்குடலில். பெருங்குடல் புற்றுகளில் 95 சதவீதத்துக்கு மேல் அதைக் காட்டும்.

நியூயார்க்கில் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் இந்த ஏ33-ல் கதிர்வீசும் அயோடினை ஏற்றி, பெருங்குடல் புற்று கல்லீரலுக்குப் பரவிய 20 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 1990-ல் எழுதினார்கள். கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. எதிர்பார்த்தபடியே நல்ல குடலுக்குள்ளும் போனது. ஆனால் குடலுக்கு ஒரு குணம்: அதன் உள்தோல் 3 முதல் 5 நாளில் உதிர்ந்து புதிதாக முளைத்துவிடும். ஒட்டிய ஆன்டிபாடியும் உதிர்ந்த செல்லோடு சேர்ந்து மலத்தில் போய்விடும். கட்டி அப்படி உதிராது, அதில் ஒட்டியது தங்கிவிடும். இதைப் படித்தபோது எனக்குக் குடல்மேல் மரியாதை வந்துவிட்டது. ஆனால் கதை நல்லபடியாக முடியவில்லை. எலிப் புரதத்தை நம் உடம்பு எதிர்த்தது. பெரும்பகுதியை மனிதப் புரதமாக மாற்றிக் கொடுத்தபோதும் பல பேருக்கு அதற்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டானது.

எட்ரெகோலோமாப் என்ற ஆன்டிபாடி மருந்தின் கதை இன்னும் வருத்தம். இந்தப் பெயர்களைப் பிரித்துப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. கடைசியில் ‘மாப்’ என்றால் ஒற்றைவகை ஆன்டிபாடி. அதற்கு முன் ‘ஓ’ என்றால் எலி, ‘சி’ என்றால் எலியும் மனிதனும் கலந்தது, ‘சு’ என்றால் மனிதனாக்கியது. ‘கோல்’ என்றால் பெருங்குடல் கட்டி. ஆக எட்ரெ-கோல்-ஓ-மாப்: பெருங்குடலுக்கான எலி. பெயர்தான் அப்படி, அது பிடித்த புரதம் குடலுக்கு மட்டும் உரியதல்ல, உடம்பில் பல உள்தோல்களில் இருப்பது. ஜெர்மனியில் 189 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1994-ல் வந்தது, நோயாளிகள் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்றது. அடுத்த ஆண்டே அங்கே அனுமதி. அப்புறம் 2761 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2002-ல் வந்தது. கீமோவோடு சேர்த்துக் கொடுத்தாலும் கூடுதல் பலன் ஒன்றுமில்லை. மருந்து அதற்குள்ளாகவே சந்தையை விட்டுப் போயிருந்தது.

இப்போது இப்படி மருந்து செய்கிறவர்கள் எந்தப் புரதம் என்பதோடு, அது செல்லின் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பார்க்கிறார்கள். ஜிசி-சி என்று ஒரு புரதம் குடல் செல்லின் உட்புறம், அதாவது சாப்பாடு போகிற பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும். வெளியூர் போய் வயிறு கலங்குகிறதே, அதற்குக் காரணமான ஈ-கோலை விஷங்களில் ஒன்று பிடிப்பது இதைத்தான். ரத்தத்தில் வரும் ஆன்டிபாடி அந்தப் பக்கம் எளிதில் போய்ச் சேராது. சிடிஎச்-17 என்பது இரண்டு செல்லுக்கு இடையே, செங்கல் இடுக்கில் வைத்த சிமென்ட் மாதிரி ஒளிந்திருப்பது. கட்டியில் அடுக்கு குலைந்து போவதால் அது வெளியே தெரியும். பென்சில்வேனியாவில் லாமாவின் ஆன்டிபாடித் துண்டு ஒன்றை எடுத்து, நோயை எதிர்க்கும் வெள்ளைச் செல்லான டி-செல்லுக்கு மூக்கு வைத்துவிட்டது போல வைத்து, எலிகளில் கட்டி கரைந்தது, நல்ல குடலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று 2022-ல் எழுதினார்கள். லாமா, ஒட்டகத்தின் தம்பி முறை. எங்கள் மேசையில் சிடிஎச்-17 இன்னும் சாயம்தான். இன்னொரு ஊரில் அது மருந்தாகப் போகிறது என்று நினைத்தால் குப்பியைக் கொஞ்சம் கவனமாகத்தான் எடுக்கத் தோன்றுகிறது.

சரி, மாப்பிள்ளைக்கு வருவோம். அவனுக்குப் புற்று இல்லை. கிரோன்ஸ் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்குவது.

அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு முக்கால் வருடம் போனது. வலப்பக்கம் அடிவயிற்றில் வலி, சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், 61 கிலோ இருந்தவன் 48 ஆனான். கொலனோஸ்கோபியில் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண். நம் நாட்டில் அந்த இடத்தில் புண் என்றால் இரண்டு பேர்மேல் சந்தேகம்: டிபி, கிரோன்ஸ். இரண்டுக்கும் பிடித்த இடம் அதுதான். பயாப்ஸி வேறு லேபுக்குப் போனது. ஸ்லைடைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சின்னதாக ஒரு செல் கொத்து, கிரானுலோமா. டிபி என்றால் பெரிதாக, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் தயிர்போல் அழுகியிருக்கும். இது அப்படி இல்லை. கிருமிச் சாயத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குடல் டிபியில் கிருமி தெரியாமல் போவது சகஜம், அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. என் கையில் இத்தனை ஆன்டிபாடிகள் இருந்தும், இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒன்று இல்லை என்பது அன்று ரொம்ப உறுத்தியது.

டாக்டர் டிபி மருந்தைத் தொடங்கினார். நாலு வகை மாத்திரை. முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சாகப் போகிறது என்று பயந்து போன் செய்தான். அது ரிஃபாம்பிசின் வேலை என்று சொன்னேன். 6 மாதம் முடிந்தும் புண் ஆறவில்லை. அப்புறம்தான் கிரோன்ஸ் என்று எழுதினார்கள். அக்கா இன்றும் அந்த 6 மாதத்தைச் சொல்லிப் புலம்புவாள். என்னால் குறை சொல்ல முடியவில்லை. டிபியைக் கிரோன்ஸ் என்று நினைத்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்திருந்தால் அது உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

ஸ்டீராய்டு கொஞ்ச நாள் கேட்டது, குறைத்தால் திரும்ப வந்தது. அடுத்து ஊசி மருந்து. கிரோன்ஸுக்கு முதலில் வந்த ஆன்டிபாடி மருந்து இன்ஃபிளிக்ஸிமாப். அமெரிக்காவில் 1998-ல் அனுமதி. அழற்சியைக் கிளப்பும் டிஎன்எஃப் என்ற பொருளை அது அடக்கும், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உடம்பு டிபி கிருமியைச் சுற்றிச் சுவர் கட்டி அடைத்து வைத்திருப்பதும் அந்த டிஎன்எஃப் துணையோடுதான். 2001-ல் இந்த மருந்து எடுத்தவர்களில் 70 பேருக்கு டிபி வந்ததைத் தொகுத்து எழுதினார்கள். நம்மூரில் எத்தனையோ பேர் உடம்பில் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். பரிசோதனை செய்து, மாத்திரை கொடுத்து, பார்த்துப் பார்த்துத்தான் போடுகிறார்கள். இவன் கதையில் டிபி என்ற பெயர் ஏற்கெனவே அடிபட்டிருந்ததால், குடலோடு நிற்கும் மருந்தாகப் பார்ப்போம் என்றார் டாக்டர். வெடோலிசுமாப். விலையைக் கேட்டுவிட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. என் மச்சான்தான் “வண்டிய வித்துருவோம்” என்றார், விற்றும் விட்டார்.

இப்போது அவன் கேள்விக்குப் பதில். மூன்றாவது டோஸ் அன்று நான் தடுமாறியதற்குக் காரணம், என் ஸ்லைடு மாதிரியே இதுவும் குடலில் போய் ஒட்டும் என்று நினைத்துச் சொல்லத் தொடங்கியதுதான். வீட்டுக்கு வந்து படித்தால் விஷயமே வேறு. இந்த மருந்துக்குக் குடல் எது என்றே தெரியாது! குடலுக்குப் போகிறவன் யார் என்றுதான் தெரியும்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிறவர்கள் மாதிரி வெள்ளைச் செல்கள் ரத்தத்தில் போய்க்கொண்டே இருக்கின்றன. எங்கே இறங்குவது என்பதற்கு அவற்றின் மேல் ஒரு டிக்கெட் உண்டு. குடலுக்கான டிக்கெட்டின் பெயர் ஆல்ஃபா-4 பீட்டா-7. குடலைச் சேர்ந்த நிணநீர் முடிச்சுகளில் பயிற்சி எடுத்த செல்லுக்கு அது கிடைக்கும். அதை அச்சடிக்க வைட்டமின் ஏ வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் 2004-ல் காட்டினார்கள். குடலின் ரத்தக் குழாய்ச் சுவரில் மேட்கேம் என்று ஒரு கைப்பிடி இருக்கிறது. டிக்கெட்டும் கைப்பிடியும் பொருந்தினால் செல் அங்கே நின்று, சுவரைத் தாண்டிக் குடலுக்குள் இறங்கும். கிரோன்ஸில் இப்படி இறங்குகிறவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கித்தான் புண்ணாக்குகிறார்கள். வெடோலிசுமாப் டிக்கெட்டின்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் சாவதில்லை. இறங்க முடியாமல் பஸ்ஸிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நுரையீரலுக்கு வேறு டிக்கெட், மூளைக்கு வேறு டிக்கெட். அங்கே போகிறவர்களை இது தொடுவதில்லை. இதற்கு முன் வந்த நட்டாலிசுமாப் டிக்கெட்டின் ஆல்ஃபா-4 பாதியை மட்டும் பார்த்துப் பிடித்தது. அந்தப் பாதி மூளைக்குப் போகும் டிக்கெட்டிலும் உண்டு. மூளைக்குக் காவல் போவது தடைபட்டு, ஒரு வைரஸ் கிளம்பி, 2005-ல் அதன் விற்பனையை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

வெடோலிசுமாபின் பூர்வீகம் 1984. பாஸ்டனில் ஆண்ட்ரூ லசரோவிட்ஸ் என்ற சிறுநீரக டாக்டர், எலியிலிருந்து ஓர் ஆன்டிபாடி எடுத்தார். பெயர் ஆக்ட்-1. அவர் தேடியது குடலுக்கான மருந்தை அல்ல. தூண்டப்பட்ட டி-செல்களின் அடையாளத்தை. அது குடல் டிக்கெட்டைப் பிடிக்கிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. பருத்தித் தலைக் குரங்கு என்று கொலம்பியாவில் ஒரு சின்னக் குரங்கு. தலையில் வெள்ளை முடி சிலிர்த்து நிற்கும். கூண்டில் அடைத்து வளர்த்தால் தானாகவே பெருங்குடல் புண் வந்துவிடும், பாவம். அதற்கு இந்த ஆன்டிபாடியைக் கொடுத்தபோது புண் சீக்கிரமே ஆறியது என்று 1996-ல் எழுதினார்கள். அப்புறம் மனிதனாக்கி, கம்பெனி கைமாறி, பெரிய ஆய்வுகள் 2013-ல் வெளியாகி, 2014 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி. எலியிலிருந்து குப்பிக்கு 30 வருடம்.

எண்களைப் பார்த்தபோது கொஞ்சம் சுரத்துக் குறைந்தது, ஒளிப்பானேன். கிரோன்ஸில் 6-வது வாரம் நோய் அடங்கியவர்கள் 14.5 சதவீதம், வெறும் சலைன் ஏற்றியவர்களில் 6.8. முதலில் குணம் தெரிந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தால், 8 வாரத்துக்கு ஒருமுறை போட்டவர்களில் 52-வது வாரம் 39 சதவீதம், போடாதவர்களில் 21.6. நிதானமான மருந்து. ஏற்கெனவே குடலுக்குள் இறங்கிவிட்டவர்களை இது ஒன்றும் செய்வதில்லை, புதிதாக இறங்குவதைத்தான் தடுக்கிறது. உள்ளே இருப்பவர்கள் ஓய வேண்டும்.

யாருக்குக் கேட்கும் என்று முதலிலேயே தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? ஜெர்மனியில் எர்லாங்கனில் ஒன்று செய்து பார்த்திருக்கிறார்கள். இன்ஃபிளிக்ஸிமாபின் இனத்தைச் சேர்ந்த அடலிமுமாப் மருந்தில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, கொலனோஸ்கோபி செய்யும்போதே கிரோன்ஸ் நோயாளிகளின் குடல்மேல் தெளித்து, நுண்ணோக்கி பொருத்திய குழாயால் பார்த்தார்கள். 25 பேர். ஒளிர்ந்த செல்கள் நிறைய இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு அந்த மருந்து கேட்டது. குறைவாக இருந்தவர்களில் 15 சதவீதம். 2014-ல் வந்த ஆய்வு. நான் மெழுகுத் துண்டில், குக்கரில் அவித்துச் செய்வதை அவர்கள் உயிருள்ள குடலில், ஆள் படுத்திருக்கும்போதே செய்திருக்கிறார்கள். மருந்தே சாயம், சாயமே மருந்து. சின்ன ஆய்வுதான். ஆனால் என் மேசையில் உட்கார்ந்து படித்தபோது, வண்டியை விற்பதற்கு முன் மச்சானுக்கு இப்படி ஒரு ஸ்லைடைக் காட்டியிருக்கலாமே என்று தோன்றியது.

போன வாரம் நாலாவது டோஸ். 14-வது வாரம். எடை 51 கிலோ. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை போய்க்கொண்டிருந்தவன் இப்போது மூன்று முறை. காலையில் காரச் சட்னி கேட்டு அக்காவிடம் திட்டு வாங்கியிருக்கிறான். நர்ஸ் குப்பியைச் சுழற்றி வைத்துவிட்டுப் போனதும், மேலே எழுதியதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். பஸ், டிக்கெட் எல்லாம் புரிந்தது. குரங்கு கதை வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

“நெசமாவா மாமா? கொரங்குக்குப் போட்டதயா எனக்குப் போடுறாங்க?”

“அதுக்குப் போட்டது எலியோடதுடா. உனக்கு மனுசனா மாத்துனது.”

“கொரங்கு பொழச்சுச்சா?”

“புண்ணு சீக்கிரம் ஆறிருச்சுன்னுதான் எழுதியிருக்காங்க.”

கொஞ்ச நேரம் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதென்ன மாமா, கொரங்குக்குச் சீக்கிரம், எனக்கு மட்டும் பதினாலு வாரம்?”

நர்ஸ் வந்துவிட்டார். கையை நீட்டச் சொன்னார்.